தொண்டியார்

இராமநாதபுரச் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர் சுல்தான் அப்துல்காதர். கீழக்கரையில் தைக்கா சாகிபுவிடம் மார்க்கக் கல்வி பயின்ற இவர், இளமையிலேயே இல்லற நாட்டத்தைத் துறந்தார். மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பரங்குன்றத்தில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் இயற்றினார் என்பர். அடிவாரத்தில் முருகனின் குடைவரைக் கோயிலும் உச்சியில் சிக்கந்தர் பாதுஷாவின் தர்காவும் கொண்ட குன்று அது. அக்குன்றே அவருக்கு ஆசானாயிற்று என்று கூறத் துணிய வேண்டுவதில்லை. ஆயினும், இருவகை வழிபாட்டினரும் நாடிவரும் இடத்தில் அவர் தம் துறவு வாழ்வின் தொடக்க நாள்களைக் கழித்தார் என்பது நினைக்கத்தக்கது.

சதுரகிரி, புறாமலை, நாகமலை எனப் பல மலைகளில் திரிந்தபின் வடசென்னையின் இராயபுரத்தில் தங்கினார். கந்தலுடையும் தன்னை மறந்த நிலையும் கண்ட மக்கள் அவரை 'மஸ்தான்' என்றனர். இறைக்காதலில் மயங்கியவர் என்பது அதன் பொருள். பித்தர் என்று எள்ளுவதற்கும் அச்சொல் இடந்தரும். தோற்றத்தைக் கொண்டே தம்மை அளந்த மக்களை, அவர் அவ்வாறு அளக்கவில்லை.

பக்கீர் ஒருவர் பாடினால் அது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது எளிது. இன்னாருக்கு இதுதான் விளங்கும் என முன்னரே முடிவு செய்து பாடுவது அதனினும் எளிது. மஸ்தான் சாகிபு இவ்விரண்டையும் ஏற்கவில்லை. முகியித்தீன் சதகம் பாடியவரே அகத்தீசன் சதகமும் பாடினார். றகுமான் கண்ணியோடு நந்தீசுவரக் கண்ணியும் இயற்றினார். இறைவனை மனோன்மணி என்னும் தலைவியாக்கித் தாம் ஏங்கும் தலைவனாக நின்றார். இரண்டே அடிகளில் அமையும் கண்ணியைக் கற்றவரும் கல்லாதவரும் பாடலாம். முஸ்லிமல்லாதார் கேட்கின்றனர் என்று அரபுச் சொற்களை அவர் விலக்கவில்லை. முஸ்லிம்கள் கேட்கின்றனர் என்று சித்தர் மரபுச் சொற்களை மறைக்கவுமில்லை. இதில் இடர் இல்லாமலில்லை. நெறி பிறழ்ந்தவர் என்று தம்மவரும், அயலார் என்று பிறரும் ஒருசேர ஒதுக்கக்கூடிய வழி அது.

அவ்வாறு நேர்ந்துவிடவில்லை. அவர்மீது நான்மணிமாலை பாடியவர் வீரசைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். இந்துக்கள் பலரும் அவருக்கு மாணாக்கராயினர். தொண்டியிலிருந்து வந்தவராதலின் அக்கம்பக்கத்தார் அவரைத் தொண்டியார் என்றே அழைத்தனர். தண்டையார்ப்பேட்டை என்னும் பெயர் அதன் திரிபு என்பர். 1838ஆம் ஆண்டு மறைந்த அவர், தாம் வாழ்ந்த அப்பகுதியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.