கொழும்புக்குப் படிக்க வந்த மயில்வாகனம்

கொழும்புக்கு அலுவலாக வந்தால் நான் தங்குவது புறக்கோட்டையில் ஒரு மலிவு லொட்ஜில். பதிவேட்டில் சொந்த ஊர், வந்த காரணம் எழுதும்போதெல்லாம் காரைதீவு மயில்வாகனம் நினைவுக்கு வருவார்.

1892இல் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சிக்காக 1911இல் கொழும்பு வந்தார். மட்டக்களப்புக்கு அப்போது ரயில் இல்லை. அது 1928இல்தான் ஓடியது. பின்னர் கொழும்பிலேயே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. உத்தியோகத்தை விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வழி செய்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் கொழும்பு வந்தார். 1947 யூனில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே இங்கு காலமானார், சமாதி கல்லடியில்.

அதே கொழும்பில் 2007 யூன் 7 அதிகாலை, லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

படிப்பு, உத்தியோகம்: அடிகளாருக்கு இருந்த காரணங்கள்தான் எங்களுக்கும்.