கிட்டார் வாசிக்கத் தெரியாமலே கிட்டார் செய்தவர் – லியோ ஃபெண்டர்



சினிமாப் பாட்டு கேட்கும்போது நடுவுல 'ஙொய்ங்'னு இழுத்துக்கிட்டுப் போகுமே ஒரு கம்பிச் சத்தம், அது எலக்ட்ரிக் கிட்டார். அதைத் தொழிற்சாலையில் நிறையச் செய்து, சாதாரணப் பாட்டுக்காரர் கைக்கும் போய்ச் சேரும்படி செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! அது மட்டுமில்லை, அவருக்கு ஒரு கண் கிடையாது. இந்த இரண்டையும் படித்தவுடனே இவரைப் பற்றித்தான் எழுதணும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பிறப்பும் இளமையும்

லியோ ஃபெண்டர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். அவருடைய அப்பா அம்மா அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தார்கள். லியோவுக்கு 8 வயது ஆனபோது இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். நாம மூணாம் வகுப்பு படிக்கிற வயசு அது!

அவருடைய மாமா ஒருவர் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். அந்த மாமா, வேண்டாம் என்று ஒதுக்கிய பாகங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு லியோவுக்கு அனுப்பினார். பிறகு மாமா கடைக்குப் போன லியோ, பழைய பாகங்களை வைத்து மாமாவே செய்திருந்த ரேடியோ ஒன்று ஒலிபெருக்கியில் சத்தமாகப் பாடுவதைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டார். அப்போது அவர் சுமார் நம்ம வயசுப் பையன்தான். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரிப்பதும் சேர்ப்பதுமே வேலை. பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். கிட்டார் மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை.

வேலை போனது, கடை வந்தது

கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவு. மின்சாரம் பற்றி எந்த வகுப்புக்கும் போனதில்லை. ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை, அப்புறம் கணக்கு எழுதும் வேலை. 1934-ல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அது அமெரிக்கா முழுவதும் பெரிய பணமுடை வந்திருந்த காலம். அவருக்கும் வேலை போனது. இன்னொரு வேலை கிடைத்தது, அதுவும் போனது.

மனசு உடைந்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டுவிட்டார். அந்தக் கடைக்கு ரேடியோ மட்டும் வரவில்லை. பாட்டுக் கச்சேரி செய்பவர்கள் மைக் செட்டையும் ஆம்ப்ளிபயரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எது அடிக்கடி பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் படித்த உண்மையான பள்ளிக்கூடம் அந்த ரிப்பேர் மேசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பலகைக் கிட்டார் பிறந்த கதை

சாதாரணக் கிட்டாரின் உடம்பு உள்ளே வெற்றிடமாக இருக்கும், குடம் மாதிரி. கம்பி அதிர்ந்தால் அந்த வெற்றிடம் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். அதிலேயே மின்சாரக் கருவியை வைத்து ஒலிபெருக்கியில் சத்தமாக வைத்தால், ஒலிபெருக்கிச் சத்தத்தில் கிட்டாரின் உடம்பே அதிர்ந்து 'கூ'ன்னு கத்த ஆரம்பித்துவிடும். நம்ம விழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா கத்துமே, அதே தொல்லைதான்.

கெட்டியான மரப்பலகையில் செய்தால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். அப்போது சத்தம் எங்கிருந்து வரும்? கம்பிக்கு அடியில் காந்தம் இருக்கும். காந்தத்தைச் சுற்றி முடி போல மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் செப்புக் கம்பியில் சின்ன மின்சாரம் உண்டாகும். ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்கும். அவ்வளவுதான்.

1945-ல் டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார்களைச் செய்தார் லியோ. 1946-ல் நண்பர் விலகிக்கொள்ள, லியோ தனியாகக் கம்பெனி நடத்தினார். 1950-ல் பலகைக் கிட்டாரை வெளியே கொண்டுவந்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு, படகுத் துடுப்பு என்றும் பனி அள்ளுகிற மண்வெட்டி என்றும் கேலி செய்தார்களாம். லியோ அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தத் 'துடுப்பு'க்கு 1951-ல் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது. கேலி பண்ணினவங்களும் கொஞ்ச நாள்ல அதே மாதிரி பலகைக் கிட்டார் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க!

அந்தக் கிட்டாரில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்றவர்கள் கழுத்துப் பகுதியைப் பசை போட்டு ஒட்டினார்கள். லியோ நாலு திருகாணி போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர் கடைக்காரர் அல்லவா! ஒரு பொருள் ஒரு நாள் கெடும், அப்போது ஒருவன் அதைத் திறப்பான் என்று முதல் நாளே நினைத்துச் செய்திருக்கிறார்.

விலாவில் குத்திய விளிம்பு

டெலிகாஸ்டரை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அதன் ஓரம் பலகை மாதிரி கூராக இருந்தது. பில் கார்சன், ரெக்ஸ் கேலியன் போன்ற கிட்டார்காரர்கள், ராத்திரி முழுக்க வாசித்தால் ஓரம் விலாவில் குத்துகிறது என்று குறை சொன்னார்கள். வேறு முதலாளியாக இருந்தால், விற்பனை நன்றாகத்தானே போகிறது என்று அனுப்பியிருப்பார். லியோ கவனமாகக் கேட்டுக்கொண்டார். தனக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிப்பவர்களின் பேச்சுதான் அவருக்குப் பாடப்புத்தகம். புதிதாக ஒன்று செய்தால் பக்கத்து ஊர்க் கச்சேரிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு வந்து திருத்துவாராம்.

1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கை படும் இடத்தைச் சரிவாக இழைத்தார்கள். வயிறு படும் பின்பக்கத்தைக் குழிவாகச் செதுக்கினார்கள். சட்டை போட்ட மாதிரி உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த அழகான வடிவம், அழகுக்காக மட்டும் வந்ததில்லை. ஒருத்தருக்கு வலிக்கிறது என்று சொன்னதாலும் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கார் பெயிண்ட் பூசிய கிட்டார்

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கிட்டாருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படித் தெரியுமா? முதலில் ஆஷ் என்ற மரத்தில் செய்தார்கள். அதில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதை அடைக்காமல் பெயிண்ட் அடித்தால் மேடு பள்ளமாகத் தெரியும். அதனால் பட்டி பார்த்து, தேய்த்து, அப்புறம்தான் வர்ணம். 1956 வாக்கில் பெரும்பாலும் ஆல்டர் என்ற மரத்துக்கு மாறினார்கள். அதில் துளை குறைவு, வேலையும் குறைவு.

பூசியது, அந்தக் காலத்தில் கார்களுக்கு அடித்த மாதிரியான லாக்கர் பெயிண்ட். சீக்கிரம் காயும். உடம்பின் ஓரத்தில் சின்ன ஆணிகள் அடித்து, அந்த ஆணிமேல் நிற்க வைத்துக் காயப் போடுவார்கள். அப்போதுதான் ஈரப் பெயிண்ட் மேசையில் ஒட்டாது. அந்தக் காலத்துக் கிட்டார்களைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஆணி ஓட்டைகள் தெரியுமாம்.

நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருப்புமாகச் சூரிய அஸ்தமனம் போல ஒரு வர்ணம் உண்டு. அதற்குப் பெயர் சன்பர்ஸ்ட். அது வேண்டாம், சிவப்பு வேணும், நீலம் வேணும் என்பவர்களுக்குக் கார் நிறங்களையே அடித்துக் கொடுத்தார்கள். ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு காரின் சிவப்பு. லேக் பிளாசிட் ப்ளூ என்பது காடிலாக் காரின் நீலம். இதற்கு 5 சதவீதம் கூடுதல் விலை. சில சமயம் சன்பர்ஸ்ட் அடித்த உடம்பின் மேலேயே வேறு நிறம் அடித்துவிடுவார்கள். பல வருஷம் கழித்து மேல் பெயிண்ட் உரிந்தால் அடியில் பழைய சூரியன் எட்டிப் பார்க்கும்!

இந்த லாக்கர் வயசாக வயசாக மஞ்சளாகும். வெள்ளைக் கிட்டார் பாலாடை நிறமாகும். நீலக் கிட்டார் கொஞ்சம் பச்சையாகும். அதையும் அழகு என்றுதான் வாங்குபவர்கள் சொல்கிறார்கள்.

நாலு திருகாணியைக் கழற்றினால் உடம்பு தனியாக வந்துவிடும் அல்லவா? அதனால் உலகத்தில் நிறையப் பேர் வீட்டிலேயே தங்கள் கிட்டாருக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்கிறார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற புகழ்பெற்ற கலைஞர் 1967-ல் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல் தானே வர்ணம் பூசிப் படம் வரைந்து, மான்டரே என்ற ஊர் மேடையில் வாசித்தார். கடைசியில் அதற்குத் தீயும் வைத்துவிட்டார். அதை மட்டும் நினைச்சா எனக்கு மனசு கேக்கல.

பெட்டிச் செய்தி: வீட்டில் கிட்டார் உடம்புக்குப் பெயிண்ட் அடிக்கும் முறை

1. கழுத்து, கம்பி, காந்தம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வைக்க வேண்டும்.
2. 120-ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 220, 320 என்று நைஸாகத் தேய்க்க வேண்டும். மரத்தின் வரி போகும் திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.
3. துளை உள்ள மரம் என்றால் பட்டி. பிறகு சீலர் அல்லது பிரைமர்.
4. கழுத்து உட்காரும் குழியில் டேப் ஒட்ட வேண்டும். அங்கே பெயிண்ட் தடிமனானால் கழுத்து சரியாகப் பொருந்தாது.
5. வர்ணத்தை மெல்லியதாகப் பல தடவை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் அடித்தால் கண்ணீர் மாதிரி வழியும்.
6. மேலே நிறமில்லாத லாக்கர். அது நன்றாக இறுக 3, 4 வாரம் காத்திருக்க வேண்டும்.
7. தண்ணீர் தொட்டு, 2000 எண் வரை உள்ள மிக நைஸான தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டால் முகம் தெரியும்.

எச்சரிக்கை: லாக்கரும் தின்னரும் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது. ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். காற்றோட்டமான இடத்தில், பெயிண்ட் ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டு, பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

கம்பெனியை விற்ற துயரம்

எல்லாம் நன்றாகப் போனபோது லியோவுக்கு உடம்பு கெட்டது. மூக்கின் உள்ளே கிருமித் தொற்று. வருஷக்கணக்கில் தீரவில்லை. இனிப் பிழைக்க மாட்டோம் என்று பயந்து, 1965-ஆம் ஆண்டு ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு வேறு ஒரு மருத்துவர் பார்த்த வைத்தியத்தில் நோய் குணமாகிவிட்டது!

யோசித்துப் பாருங்கள். உயிர் வந்தது, ஆனால் கம்பெனி போனது. தன் பெயரையே தாங்கிய கிட்டார், இனி தன்னுடையது இல்லை. 10 வருஷம் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு.

கையில் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. சும்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மியூசிக் மேன் என்ற கம்பெனிக்குத் தலைவரானார். 1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷத்தில்தான் பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற புதுக் கம்பெனியை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 70! அடுத்த வருஷம் ஃபிலிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

கடைசி நாள் வரை

பிற்காலத்தில் அவருக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்தது. கை கால் நடுங்கும் நோய் அது. நுணுக்கமான வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்க முடியும்? அப்படியும் தினமும் பட்டறைக்கு வந்தார். இறப்பதற்கு முந்தின நாள் வரை வேலை பார்த்தார். 1991-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி தமது 81-ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டே, 1992-ல், ராக் இசைக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். பாடத் தெரிந்தவர்கள் நடுவே, கிட்டாரை மீட்டக்கூடத் தெரியாத ஒருவர்!

நாம் கற்க வேண்டியது

நம்மில் சில பேர், எனக்கு இது வராது, எனக்கு அது தெரியாது என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான். விளையாட்டு விழாவில் ஓடத் தெரியாது என்று மைதானத்துப் பக்கமே போகாமல் இருந்தவள் நான். லியோவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்கத் தெரியும். அவர்கள் குறை சொன்னால் கோபப்படாமல் உப்புத்தாளை எடுக்கத் தெரியும். அது போதுமாக இருந்தது.

அடுத்த தடவை யாராவது நம் வேலையில் ஒரு இடம் குத்துகிறது என்று சொன்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்ப்போமா?

இந்தக் கட்டுரையில் ஏதாவது குறை இருந்தாலும் என்னிடம் நேரில் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி