மூச்சுக்காற்றில் பரவிய பிளேக்: முகக்கவசம் போடச் சொன்ன பினாங்கு மருத்துவர் யார்?

நோயாளி விடும் மூச்சிலிருந்தே நோய் தொற்றுமா? கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேட்ட கேள்விதான். 110 ஆண்டுகளுக்கு முன்பே அதோடு மல்லுக்கட்டியவர், நம்ம பினாங்குக்காரர் டாக்டர் வூ லியன் தே.

1879-இல் பிறந்தவர். அப்பா சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவர் ஆனார். ஊர் திரும்பியதும் அபினுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. சீனாவில் வேலைக்கு அழைப்பு வந்தது, கிளம்பிவிட்டார்.

1910 டிசம்பர். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் இருமி, ரத்தம் துப்பி, ஓரிரு நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். விசாரிக்கப் போன வூவுக்கு வயது 31.

பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி. அதுதான் அப்போதைய பாடம். இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தார் வூ. நுரையீரலில் பிளேக் கிருமி! அப்படின்னா எலியே வேண்டாம். நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகளே போதும். (இது கோவிட் போல வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனால் இரண்டுமே வெளியேறுவது வாய், மூக்கு வழியாகத்தான்.)

மெல்லிய துணி அடுக்குகளுக்கு நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்யச் சொன்னார். மருத்துவர், தாதி, நோயாளி எல்லாரும் போடணும் என்றார்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? அனுபவமிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, இந்த இளைஞர் சொல்வதை ஏற்கவே இல்லை. முகக்கவசம் போடாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயில் இறந்தார். அதன் பிறகுதான் முகக்கவசத்தை ஊர் பெரிதாக எடுத்துக்கொண்டது.

இன்னொரு சிக்கல். கடுங்குளிரில் நிலம் உறைந்து, புதைக்க முடியாமல் 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்தன. எரிப்பது அங்கே பெரும் பாவமாகக் கருதப்பட்டது. அரசவையின் அனுமதி வாங்கி, 1911 ஜனவரி கடைசியில் எரித்தார்கள். ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்துதல், பயணக் கட்டுப்பாடு எல்லாம் கூடவே நடந்தன.

சுமார் 60,000 பேர் மாண்ட அந்தக் கொள்ளைநோய், மார்ச் மாதம் ஹார்பினில் ஓய்ந்தது.

1935-இல் நோபெல் பரிசுக்கு வூவின் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1937-இல் மலாயா திரும்பியவர், ஈப்போவில் சாதாரண கிளினிக் நடத்தினார். 1960-இல், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.