நூல் காட்டிய வழி

1934ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதியில் காந்தியடிகள் குன்னூருக்கு வந்தார். தீண்டாமையை ஒழிக்க நாடெங்கும் மேற்கொண்ட நெடும்பயணத்தின் இடையே அங்குச் சில நாள் தங்கினார். 64ஆம் அகவையிலும் அவரை ஓயவிடாத அவ்வுறுதிக்கு வித்திட்டவற்றுள் நூல்களும் உண்டு.

இளமையில் பாடநூல்களைத் தாண்டிப் படிக்கும் நாட்டம் அவருக்கு மிகுதியாக இல்லை. எனினும், தந்தையார் வாங்கியிருந்த நாடகநூல் ஒன்றில் கண்ட சிரவணனின் பெற்றோர் பற்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1904ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டபோது, நண்பர் போலக் தொடர்வண்டி நிலையத்தில் ஜான் ரஸ்கினின் நூலொன்றை அளித்தார். 24 மணி நேரப் பயணத்தில் காந்தியடிகளால் அந்நூலைக் கீழே வைக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அனைவரின் நலத்தில் தம் நலம் அடங்கும். வழக்குரைஞர் உழைப்பும் முடிதிருத்துவோர் உழைப்பும் ஒரே மதிப்புடையவை. உழவரும் கைவினைஞரும் வாழும் உழைப்பு வாழ்வே வாழத்தக்கது என்னும் மூன்று உண்மைகளை அதில் கண்டார். நன்கு பொருளீட்டிய வழக்குரைஞருக்கு அவற்றை ஏற்றல் எளிதன்று. ஆயினும், அவ்வாண்டின் முடிவிற்குள் டர்பன் அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவானது. அங்கு அச்சகத்தில் உழைத்தோர்க்கு நிறமும் நாடும் பாராமல் ஒரே ஊதியம் வகுக்கப்பட்டது. 1908இல் அந்நூலின் சாரத்தைச் ‘சர்வோதயம்’ என்னும் பெயரில் குசராத்தியில் எழுதினார்.

1925 முதல் நவஜீவன் இதழில் தம் வரலாற்றை எழுதியபோது, இளமையில் பொன் திருடியதையும் அவர் மறைத்தாரல்லர். படித்ததை வாழ்ந்து பார்த்தவர், தாம் வாழ்ந்ததைப் பிறர் படித்துத் தெளியுமாறு திறந்து வைத்தார். உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை எனத் தொடர்வண்டியில் கற்ற பாடம், 30 ஆண்டுகளுக்குப்பின் நீலகிரி மலையேறி வந்தபோதும் அவருடன் இருந்தது.