நீரை ஆராய்ந்த நங்கை

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. பளிங்குபோல் விளங்கும் நீரிலும் கொடிய நோய்க்குரிய வித்து மறைந்திருத்தல் கூடும். கண்ணுக்குப் புலனாகாத அம்மாசினைச் சோதனையே வெளிப்படுத்தும். அச்சோதனையைத் தாம் கற்றதோடு அமையாது, பிறரையும் தம் கையாலேயே செய்து பழகச் செய்தவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

எல்லன் 1842ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர்கள். செல்வம் மிக்கவர் அல்லர். எல்லன் தந்தையாரின் கடையில் துணை புரிந்தும், பிள்ளைகட்குப் பாடம் சொல்லியும் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். அப்பொருளைக் கொண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில் வாசர் மகளிர் கல்லூரியிற் சேர்ந்து 1870இல் பட்டம் பெற்றார்.

இரசாயனத்தில் மேலும் கற்கும் வேட்கை அவரை விடவில்லை. பாஸ்டன் நகரில் அந்நாளில் இருந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அதுகாறும் பெண் எவரும் அங்குப் பயின்றதில்லை. கழகத்தார் அவரைத் தனி மாணவியாகச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் வேண்டா என்றனர். தம் வறுமை கண்டு இரங்கினர் என்றே எல்லன் எண்ணினார். எதிர்ப்பு எழுமாயின் அவர் தம் மாணவி அல்லர் என்று கூறுதற்கே அவ்வாறு செய்தனர் என்பதைப் பின்னரே அறிந்தார். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. 1873இல் அங்கும் பட்டம் பெற்றார். மாணவியாக இருக்கும்போதே, பேராசிரியர் நிக்கல்ஸ் என்பாரின் கீழ், மாநிலச் சுகாதார வாரியத்துக்காக நீரைச் சோதிக்கும் பணியில் ஈடுபட்டார்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறுதல் வேண்டும் என அவர் விழைந்தார். 1873இல் பாஸ்டன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இரசாயனச் சோதனை வகுப்பு ஒன்றை நடத்தினார். 1876இல் தொழில்நுட்பக் கழகத்தில் மகளிர் ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பெற்றது. எல்லன் அங்கு ஊதியம் பெறாமலே கற்பித்தார். பயில வந்தோருள் பள்ளி ஆசிரியைகள் பலர். ஏட்டில் மட்டும் கண்ட உண்மைகளை, குப்பியும் குழாயும் ஏந்தி அவர்கள் நேரிற் கண்டனர். 1883இல் அக்கூடம் மூடப்பட்டது. அது தோல்வியால் அன்று. பெண்களும் ஆடவரோடு ஒருங்கே பயிலலாம் என்னும் நிலை பிறந்தமையால், தனிக்கூடம் வேண்டாததாயிற்று.

அடுத்த ஆண்டில் எல்லன் சுகாதார இரசாயன ஆசிரியராக அமர்த்தப்பட்டார். 1887இல் மாநிலத்தின் நீர்நிலைகள் அனைத்தையும் ஆராயும் பெரும்பணி தொடங்கிற்று. ஊர்தோறுமிருந்து பல்லாயிரம் குப்பிகளில் நீர் வந்தது. டிரவுன் என்பாரின் தலைமையில் எல்லனும் அவர்தம் உதவியாளரும் அவற்றைச் சோதித்தனர்.

அச்சோதனைகளுள் ஒன்று அறியத்தக்கது. கடற்காற்று உப்பைச் சுமந்து வருவதால் கரையோர நீரில் குளோரைடு மிகுந்தும், உள்நாட்டு நீரில் குறைந்தும் இருக்கும். மனிதர் உண்ணும் உப்பும் கழிவுநீரோடு வெளியேறும். ஆகவே, ஓரிடத்து நீரில் இயற்கை அளவினும் குளோரைடு மிகுந்திருப்பின், அங்குக் கழிவுநீர் கலந்திருத்தல் கூடும் என ஐயுறலாம். நீரில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால், குளோரைடு வெண்ணிறப் படிவாக வெளிப்படும். மாநிலமெங்கும் கண்ட இயற்கை அளவுகளைப் படத்தில் குறித்து, ஒத்த அளவுடைய இடங்களைக் கோடுகளால் இணைத்தனர். எந்த ஊரின் நீர் கெட்டது என அறிதற்கு அப்படம் துணையாயிற்று.

1890இல் கழகத்தில் சுகாதாரப் பொறியியற் கல்வி தொடங்கியது. நீரையும் காற்றையும் கழிவுநீரையும் சோதிக்கும் முறைகளை எல்லன் அம்மாணவர்க்குக் கற்பித்தார். 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் மறையுந்துணையும் அவர் அப்பணியை விடவில்லை.

கதவு முழுதும் திறவாத இடத்தில் நுழைந்தவர், தமக்குப் பின் வருவோர்க்கு அதனை அகலத் திறந்து வைத்தார். ஐயம் எழுந்தவழிச் சோதித்துத் தெளிக என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.