கருங்காய்ச்சலுக்கு மருந்து கண்டவர்

நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் சமவெளிகளில் ஒரு கொடிய நோய் ஊர் ஊராகப் பரவிற்று. காய்ச்சல் வந்தால் மாதக்கணக்கில் நீடிக்கும். உடல் மெலியும், மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் புடைக்கும், மேனி கறுக்கும். அதனால் மக்கள் அதனைக் காலா அசார் என்றனர். தமிழில் கருங்காய்ச்சல் எனலாம். மருத்துவம் பெறாதவருள் பெரும்பாலோர் மாண்டனர். மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் தங்கும் மணல் ஈ என்னும் சிறு பூச்சியே இந்நோயைப் பரப்புகிறது. ஆதலின் குடிசைகளில் வாழ்ந்த ஏழை உழவர்களையே அது மிகுதியாகப் பற்றியது.

இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1903ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். ஒருவர் லீஷ்மன், மற்றவர் சென்னையில் பணியாற்றிய டொனோவன் என்னும் மருத்துவர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீங்கள் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால், எதிரே அரசுப் பொது மருத்துவமனையைக் காணலாம். டொனோவன் பணிபுரிந்த மருத்துவமனை அதுவே. அந்நுண்ணுயிர் இருவர் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கிறது. நோயின் காரணம் தெரிந்தது, மருந்துதான் கிட்டவில்லை.

அம்மருந்தைக் கண்டவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. இவர் 1873ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பிகாரில் உள்ள ஜமால்பூரில் இரயில்வே மருத்துவர். உபேந்திரநாத் கணிதமும் வேதியியலும் பயின்று, அதன் பின்னரே மருத்துவம் கற்றார். வேதியியலில் அவர் பெற்ற அப்பயிற்சியே பின்னாளில் பெரிதும் துணைநின்றது.

1905ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவில் சியால்தா அருகேயிருந்த கேம்பல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கு ஆராய்ச்சிக்கெனக் கிடைத்தது ஒரு சிற்றறை. அதில் எரிவாயு இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கும் இல்லை. இரவில் புகை கக்கும் பழைய மண்ணெண்ணெய் விளக்கே ஒளி தந்தது. பகலில் நோயாளிகளைக் கவனித்து, மாணவர்களுக்குக் கற்பித்து, எஞ்சிய பொழுதில் அவர் அவ்வறையில் உழைத்தார்.

அக்காலத்தில் கருங்காய்ச்சலுக்கு வேறொரு மருந்து வழங்கி வந்தது உண்மையே. அது ஆண்டிமனி என்னும் தனிமத்தின் உப்பு. (கண்ணுக்கு மையிட நம் முன்னோர் பயன்படுத்திய அஞ்சனக்கல்லில் இருப்பதும் இத்தனிமமே.) அம்மருந்தை ஊசி வழியே நெடுநாள் செலுத்த வேண்டும். வாந்தியும் இருமலும் நோயாளியை வாட்டும். சிலர் உயிருக்கே அது ஊறு செய்யும். அன்றாடக் கூலியால் வாழ்பவர் மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு எங்ஙனம் நடப்பர்? ஒரு நாள் வேலையை விட்டால் அன்று அடுப்பு எரியாது. குணப்படுத்தும் ஆற்றல் இருந்தும், எளியோர் முழுமையாகப் பெற இயலாத மருத்துவமாக அது இருந்தது.

உபேந்திரநாத் வேறு வழியை நாடினார். ஆர்செனிக் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் சில நோய்களைத் தீர்ப்பதை ஐரோப்பிய அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். தனிம அட்டவணையில் ஆண்டிமனி ஆர்செனிக்கிற்கு நேர்கீழே நிற்பது. இரண்டும் இயல்பில் நெருங்கியவை. எனவே ஆர்செனிக்கின் இடத்தில் ஆண்டிமனியை அமைத்துப் புதிய சேர்மங்களை ஒவ்வொன்றாக உருவாக்கினார். பல மாத முயற்சிக்குப் பின், அவற்றுள் ஒன்றை யூரியாவுடன் இணைத்தார். 1920ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்ததே யூரியா ஸ்டிபமைன். கடும் உழைப்புக்குப் பின் ஓரிரவு பத்து மணியளவில் சோதனை எண்ணியவாறே முடிந்ததைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. அச்சிற்றறையைத் தம் புண்ணியத்தலமாகவே இறுதிவரை அவர் கருதினார்.

புதிய மருந்து சில வாரங்களிலேயே நோயைத் தீர்த்தது. பிறர் கையில் பயன் தருமா என்ற ஐயமும் விரைவில் நீங்கியது. அசாமில் அடுத்த பத்தாண்டுகளில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இம்மருந்தைப் பெற்றனர். ஆளின்றிப் போகவிருந்த சிற்றூர்கள் பிழைத்தன.

1924ஆம் ஆண்டு தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கல்கத்தாவில் தொடங்கினார். 1929ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1934இல் அரசு அவருக்கு சர் பட்டம் வழங்கியது. 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் செய்த மற்றொரு பணியைப் பலர் அறியார். மருந்தைக் கண்டதற்கு அது சற்றும் குறைந்ததன்று. குணமடைந்து வீடு திரும்பியவர் சிலரின் தோலில், சில காலம் கழித்து வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றின. அவற்றால் வலியில்லை, எவரும் பொருட்படுத்தவில்லை. உபேந்திரநாத் அவற்றை ஆராய்ந்து, அங்கே அதே நுண்ணுயிர் ஒளிந்திருப்பதை 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தகையவரைக் கடிக்கும் மணல் ஈ, நோயை மீண்டும் பிறருக்குக் கொண்டுசெல்லக் கூடும். இன்று யூரியா ஸ்டிபமைன் வழக்கில் இல்லை; ஒரே வேளையில் செலுத்தப்படும் வேறு மருந்து வந்துவிட்டது; நோயும் மிகக் குறைந்துவிட்டது. ஆயினும் பிகார்ச் சிற்றூர்களில் வீடு வீடாகச் செல்லும் நலப்பணியாளர்கள் காய்ச்சலை மட்டும் கேட்பதில்லை. தோலில் அத்திட்டுகள் உள்ளனவா என்றும் பார்க்கின்றனர்.