திருநங்கைக்குக் கதவு திறந்த தஞ்சை குரு: யார் இந்த கிட்டப்பா பிள்ளை?

1970-களில் நியூயார்க்கில் டிஸ்கோ இசை வளர்ந்தது, தன்பாலீர்ப்பாளர்களும் கறுப்பின மக்களும் கூடிய க்ளப்களில்தான். வெளியே மறைந்து வாழ வேண்டியிருந்தவர்களுக்கு அந்த டான்ஸ் ஃப்ளோர் ஓர் அடைக்கலம். தன்பாலீர்ப்பாளர் வேறு, திருநங்கை வேறு. ஆனா, ஊர் ஒதுக்கியவர்களை ஆட்டமும் பாட்டும் ஏற்றுக்கொண்ட கதை நம்ம தஞ்சாவூரிலும் உண்டு. அதில் முக்கியமானவர் கே.பி. கிட்டப்பா பிள்ளை.

நால்வர் வம்சம்

1913-ல் பிறந்தவர். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வழிவந்த குடும்பம். பரதநாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கி தில்லானாவில் முடியுது இல்லையா? அந்த வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தியவர்கள் இந்தச் சகோதரர்கள்தான்.

அப்பா பொன்னையா பிள்ளை பெரிய சங்கீத வித்வான். கிட்டப்பாவும் முதலில் பாடகராகத்தான் இருந்தார். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நட்டுவாங்கம் கற்றார். ஜதி சொல்லி, தாளம் போட்டு, நடனத்தை நடத்திச் செல்வதுதான் நட்டுவனார் வேலை. வைஜயந்திமாலா, யாமினி கிருஷ்ணமூர்த்தி, ஹேமமாலினி என அவரிடம் கற்றவர்களின் பட்டியல் பெரியது. நால்வரின் உருப்படிகளை ஸ்வரக் குறிப்போடு அச்சிலும் கொண்டுவந்தார்.

மதுரையில் இருந்து வந்த இருவர்

1980-களில் அவரைத் தேடி வந்தவர்கள் நர்த்தகி நடராஜும் தோழி சக்தி பாஸ்கரும். வைஜயந்திமாலாவின் படங்களைப் பார்த்து ஆடப் பழகியவர்கள். அவருடைய குரு யார் என்று விசாரித்து, தஞ்சாவூர் வந்து சேர்ந்தார்கள். திருநங்கை என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. தெருவில் கிடைத்ததெல்லாம் கேலிப் பெயர்கள்தான்.

கிட்டப்பா பிள்ளை உடனே சரி சொல்லவில்லை. சுமார் ஒரு வருடம் காக்க வைத்தார். ஆனா, ஏற்றுக்கொண்ட பிறகு எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. சுமார் 15 ஆண்டுகள் குருகுலப் பயிற்சி. ‘நர்த்தகி’ என்ற பெயரும் குரு வைத்ததுதான்.

ஏன் இது பெரிய விஷயம்?

இரக்கப்பட்டு இடம் கொடுப்பது வேறு. குடும்பச் சொத்தையே கையில் கொடுப்பது வேறு. கிட்டப்பா பிள்ளை கொடுத்தது நால்வரின் வர்ணங்களும் பதங்களும். அவற்றில் பல, தலைவனை நினைத்து ஏங்கும் நாயகியின் பாடல்கள். உன்னைப் பெண்ணாக ஏற்க மாட்டோம் என்று ஊர் சொன்ன ஒருவருக்கு, அந்த நாயகியாகவே மேடையில் நிற்கும் உரிமை கிடைத்தது. நாயகி பாவம்தான் பின்னாளில் நர்த்தகியின் தனி அடையாளம் ஆனது.

கிட்டப்பா பிள்ளை 1999-ல் காலமானார். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014-ல். வயதுவந்தோரின் தன்பாலின உறவு குற்றமல்ல என்ற தீர்ப்பு வந்தது 2018-ல். நர்த்தகி பத்மஸ்ரீ வாங்கியது 2019-ல். அந்த விருது பெற்ற முதல் திருநங்கை அவர். இதில் எதையுமே குரு பார்க்கவில்லை. ஆனா, சட்டம் எதுவும் சொல்லாத காலத்திலேயே, தஞ்சாவூரில் உட்கார்ந்து தாளம் போட்டு அவரை ஆட வைத்துவிட்டுத்தான் போனார்.